இடுப்புக்கு மேலே மட்டும்: வெள்ளைக்கோலுக்கு எச்சரிக்கைக் கருவி செய்வது எப்படி?

ராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊரான மண்டபம் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். வருடம் தவறாமல் பிப்ரவரி, மார்ச்சில் கல்லூரிப் பிள்ளைகள் வருவார்கள். "அண்ணே, பார்வையில்லாதவங்களுக்கு ஸ்மார்ட் ஸ்டிக் பிராஜெக்ட்" என்பார்கள். மேசைமேல் வைத்தால் அழகாகப் பீப் அடிக்கும், மார்க்கும் கிடைக்கும், அப்புறம் பரணுக்குப் போய்விடும். எங்கள் ஊர்க்கரையில் வலை பின்னுகிற பார்வையற்ற அண்ணன் ஒருவருக்காக நானே ஒன்றைச் செய்து, மூன்று முறை பிரித்து மறுபடி செய்தேன். அதற்குப் பிறகுதான் பிள்ளைகள் எங்கே சறுக்குகிறார்கள் என்று எனக்கே தெரிந்தது. பெரும்பாலும் வரிசையில்தான் சறுக்கல். கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிடுகிறார்கள். அதனால் கீழே உள்ளவற்றை எண் வரிசைப்படியே செய்யுங்கள்.

1. தொடங்குமுன் இருக்க வேண்டியவை

முதல் தேவை ஆள். வெள்ளைக்கோல் பிடித்துத் தன் ஊருக்குள் ஏற்கெனவே தனியாகப் போய்வருகிற ஒருவர். கோலைத் தோள் அகலத்துக்கு இடமும் வலமும் தட்டி, அடுத்த காலடி விழப்போகும் இடத்தைக் கோல்நுனி முன்கூட்டியே தொடும்படி நடக்க அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கோல் பழகாதவர் என்றால் கருவியை ஒத்திவைத்துவிட்டு முதலில் கோல் பயிற்சிக்கு ஏற்பாடு செய்யுங்கள். தரையைப் பற்றிச் சொல்வது கோல். நாம் செய்யப்போகும் பெட்டிக்குத் தரையைப் பற்றி ஒன்றும் தெரியாது.

கோலின் நீளத்தையும் பார்த்துவிடுங்கள். நேராக நிறுத்தினால் நெஞ்செலும்பின் அடிப்பகுதிவரை வர வேண்டும். குட்டைக் கோலில் எந்தக் கருவியைப் பொருத்தினாலும் எச்சரிக்கை தாமதமாகத்தான் வரும்.

இரண்டாவது, அவருடைய கூலி. நம்மோடு நடக்கும் நாளில் அவர் வலை பின்னும் வேலையை விட்டுவிட்டு வருகிறார். அந்தக் கூலியைக் கையில் கொடுத்துவிடுங்கள். கொடுத்தால்தான் "இது சரியில்லை" என்று உங்கள் முகத்துக்கு நேரே சொல்வார். உபகாரமாக நடக்கிறவர் எல்லாவற்றுக்கும் "நல்லாத்தான் இருக்கு தம்பி" என்பார்.

மூன்றாவதாக ஒரு கேள்வி: செய்யத்தான் வேண்டுமா? டெல்லி ஐஐடியில் உருவாகி 2014-ல் வெளிவந்த ஸ்மார்ட்கேன் இதே வேலையைத்தான் செய்கிறது. வெள்ளைக்கோலில் மாட்டிக்கொள்ளலாம், முழங்காலுக்கு மேலே தலைவரை எதிரே உள்ளதை அதிர்வால் சொல்லும். அது கிடைத்து, அவருக்கு ஒத்தும் வந்தால் அதையே வாங்கிக் கொடுங்கள். கிடைக்காவிட்டாலோ, உப்புக்காற்றுக்கும் உங்கள் ஊர் வழிக்கும் ஏற்ற ஒன்று வேண்டும் என்றாலோ மேலே படியுங்கள்.

2. சால்டரிங் அயர்னைத் தொடாமல் நான்கு நாள் நடங்கள்

அவர் வழக்கமாகப் போகும் ஒரு வழியை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் அண்ணனுக்கு அது வீட்டிலிருந்து டீக்கடை, அங்கிருந்து ஐஸ் கம்பெனி ஓரமாக வலைக்கூடம். நீங்கள் இரண்டு எட்டு பின்னால் நடங்கள், பேசாதீர்கள். நோட்டில் மூன்றே விஷயம் குறியுங்கள்: எதில் இடித்தார், உடம்பில் எந்த உயரத்தில் இடித்தது, கோல் அதை முன்கூட்டிக் கண்டுபிடித்ததா.

ஒரே நேரத்தில் நான்கு நாளும் நடப்பது தவறு. விடிகாலையில் மீன் வண்டிகள் பின்கதவைத் திறந்துபோட்டு நிற்கும். உச்சியில் வண்டி இருக்காது, ஆனால் கருவாடு பாதி வழியில் காயும். சாயங்காலம் பைக்குகள். இன்னொன்று, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகளைக் கரையேற்றி மராமத்துப் பார்ப்பார்கள், வண்ணம் அடிப்பார்கள். அப்போது கரைவழியே வேறு வழியாகிவிடும். ஆகஸ்டில் மட்டும் நடந்து பார்த்துச் செய்த கருவி மே மாதத்தில் ஏமாற்றும்.

என் நோட்டில் முதல் நாளே ஏறிய ஒன்றைச் சொல்கிறேன். கரையேற்றிய வள்ளத்தின் அணியம், அதாவது படகின் முன்மூக்கு, நெஞ்சு உயரத்தில் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குக் கீழே வள்ளம் உள்வாங்கியிருக்கும். அண்ணன் கோலை ஒழுங்காகத்தான் வீசினார். கோல் வள்ளத்தின் அடியில் வெறும் மணலைத் தட்டியது. அடுத்த எட்டில் அணியம் அவர் நெஞ்சில் இடித்தது. "இது புதுசு தம்பி, நேத்து இங்க கெடயாது" என்று பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு, சுற்றிக்கொண்டு போனார்.

மீன் வண்டியின் பின்பக்கமும் இதே கதைதான். கோல் சக்கரத்துக்கும் பம்பருக்கும் நடுவே நுழைந்துவிடும். வேலியில் நீட்டிக்கொண்டிருக்கும் கருக்குமட்டை, ரோட்டோரம் சாய்ந்த சீமைக்கருவைக் கிளை, டீக்கடைக் கொட்டகையின் தாழ்வாரம், மின்கம்பத்தின் ஸ்டே கம்பி எல்லாம் இந்த வகை. பள்ளம், கயிறு, நங்கூரம், ஐஸ் பெட்டி இவையெல்லாம் கோல் பிடித்துவிட்டவை.

அதே நோட்டின் மறுபக்கத்தில், அவர் ஏற்கெனவே எதைக் கொண்டு வழி கண்டுபிடிக்கிறார் என்று எழுதுங்கள். கடல் இரைச்சல் எந்தக் காதில் கேட்கிறது, ஐஸ் கம்பெனி மோட்டார், பள்ளிவாசல் ஒலிபெருக்கி, கருவாட்டு வாசம், காலடியில் தார் மாறி மணல் வரும் இடம். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் அது எந்தக் கன்னத்தில் படுகிறது என்பதைக் கூட அண்ணன் கணக்கில் வைத்திருந்தார். இதை எழுதினால்தான் உங்கள் கருவி எதை மறைக்கக் கூடாது என்று தெரியும். என் பட்டியலில் பாதிக்கு மேல் காது சம்பந்தப்பட்டது. அதனால் பஸ்ஸரும் இயர்போனும் அன்றைக்கே கழிந்தன.

3. ஒரே ஒரு வேலையை எடுங்கள், மற்றதை எழுதி ஒதுக்குங்கள்

இடுப்புக்கு மேலே, தலைவரை, நேர் எதிரே உள்ள கெட்டியான பொருளைச் சொல்வது. அவ்வளவுதான் வேலை. கோலால் முடியாதது இது மட்டும்தான் என்று உங்கள் நோட்டே சொல்லியிருக்கும்.

பிள்ளைகள் இங்கேதான் ஆசைப்படுவார்கள். தண்ணீர் சென்சார், வெளிச்ச சென்சார், எஸ்எம்எஸ் அனுப்பும் சிம், எல்லாம் ஒரே கோலில். கோல்நுனி தண்ணீரில் பட்டால் 'சளக்' என்று கேட்குமே, அதற்கு எதற்குச் சென்சார்? சேர்க்கும் ஒவ்வொன்றும் எடையைக் கூட்டும். கோலின் எடை கூடினால் மணிக்கட்டு வலிக்கும், வலித்தால் வீச்சு குறையும், வீச்சு குறைந்தால் இதுவரை இடிக்காத இடத்தில் எல்லாம் இடிக்கும்.

செய்யாத வேலைகளையும் இப்போதே எழுதி வைத்து, அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்: பள்ளத்தைச் சொல்லாது, பாலத்தின் ஓரத்தைச் சொல்லாது, தொங்கும் வலையைச் சொல்லாது, கயிற்றைச் சொல்லாது. படகுத்துறைப் பாலத்தின் விளிம்பு இதில் முக்கியம். எதிரே ஒன்றும் இல்லாதபோது கருவி சும்மா இருக்கும். பாலம் முடிகிற இடத்திலும் எதிரே ஒன்றும் இல்லை. அந்த மௌனத்தை 'வழி சரி' என்று அவர் எடுத்துக்கொண்டால் நேராகக் கடலுக்குள்தான்.

4. சென்சாரைத் தேர்ந்தெடுத்தல்

மூன்று வழி இருக்கிறது: கேமரா, லேசர் தூரமானி, காதுக்குக் கேட்காத ஒலியால் அளக்கும் அல்ட்ராசோனிக்.

கேமரா விலையும் மின்சாரமும் தின்னும், யோசித்துச் சொல்ல நேரமும் எடுக்கும். லேசர் வகைச் சிறு சென்சார்கள் 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியில் ஓடுபவை. வீட்டுக்குள் அருமையாக அளக்கும். உச்சி வெயிலில், வெள்ளை மணல் திருப்பி அடிக்கும் வெளிச்சத்தில், அவற்றின் எட்டும் தூரம் சுருங்கிவிடும். கடை மேசையில் சோதித்துத் திருப்தியடைந்தவர்கள் எல்லாரும் கரையில் இதில்தான் ஏமாந்தார்கள். நானும்தான்.

ஆகவே அல்ட்ராசோனிக். பழக எச்.சி. எஸ்ஆர் 04 என்ற சென்சார் போதும். 2 செ.மீ. முதல் 4 மீட்டர் வரை அளக்கும் என்பது அதன் விவரத்தாள் கணக்கு. நமக்கு 2 மீட்டருக்கு மேல் வேண்டாம். கடைசிக் கருவிக்கு ஜேஎஸ்என் எஸ்ஆர் 04 டி போன்ற நீர் புகாத வகையை வாங்குங்கள். அதற்கு 20, 25 செ.மீ.க்குள் கண் தெரியாது. பரவாயில்லை, அவ்வளவு கிட்டே வந்தபின் எச்சரித்துப் பயன் இல்லை.

இது எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்று புரிந்துகொள்வது அவசியம். 40,000 ஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பி எதிரொலி வரும் நேரத்தைக் கணக்கிடுகிறது. அந்த ஒலியலையின் நீளம் எட்டரை மில்லிமீட்டர் சுமார். காய்வதற்குத் தொங்கவிட்ட வலையின் நூல் அதைவிட மெல்லியது, ஒலி கண்ணிகளுக்குள் நுழைந்து அப்பால் போய்விடும். அண்ணன் பிழைப்பே வலைக்கூடத்தில்தான், அங்கே கருவி வலையைக் காட்டாது என்று சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. அவர் சிரித்தார்: "வலை மூஞ்சில பட்டா என்ன தம்பி, அது என்ன அடிக்கவா போகுது."

இன்னொரு குறை, சாய்ந்த வழவழப்பான பரப்பு. கேரம் காய் பலகை ஓரத்தில் பட்டு வேறு பக்கம் போவதைப்போல ஒலியும் விலகிப் போய்விடும், திரும்பி வராது. வழியை ஒட்டிச் சாய்வாகப் போகும் சுவரும் வண்டியின் பக்கவாட்டும் இப்படித்தான் தப்பும். மூலையும் விளிம்பும் வந்தால் பிடித்துக்கொள்ளும்.

5. கோணம்: அதிக நேரம் இங்கேதான் செலவழிய வேண்டும்

பெட்டியைக் கைப்பிடிக்குக் கீழே ஒரு சாண் தள்ளி மாட்டுங்கள். கோல் பிடித்து நடக்கும்போது அது தரையிலிருந்து கிட்டத்தட்ட 85 செ.மீ. உயரத்தில் இருக்கும் என்று வையுங்கள். கோல் முன்னோக்கி 45 பாகை அளவுக்குச் சரிந்திருக்கும். சென்சார் கோலின் திசையிலேயே பார்த்தால் தரையைத்தான் பார்க்கும், ஓயாமல் அதிரும். பிள்ளைகள் கொண்டுவரும் பத்துக் கோலில் எட்டில் இந்தத் தவறு இருக்கும்.

சென்சார் கிடைமட்டத்துக்கு 15 பாகை மேல்நோக்கிப் பார்க்க வேண்டும். அப்படியென்றால் கோலுக்கும் சென்சார் முகத்துக்கும் இடையே 60 பாகை. எச்.சி. எஸ்ஆர் 04-இன் ஒலி ஒரு கூம்பாக, நடுக்கோட்டுக்கு இருபுறமும் சுமார் 15 பாகை விரியும் என்று வையுங்கள். ஒன்றரை மீட்டர் தள்ளி அந்தக் கூம்பின் கீழ்விளிம்பு 85 செ.மீ. உயரத்திலும் மேல்விளிம்பு 170 செ.மீ.யைத் தாண்டியும் இருக்கும். இடுப்பு முதல் நெற்றி வரை, நமக்கு வேண்டிய இடம் அதுவே. உயரமான ஆள் என்றால் இரண்டு மூன்று பாகை கூட்டிக்கொள்ளுங்கள்.

கணக்கை நம்பி ஒட்டிவிடாதீர்கள். ஒவ்வொருவரும் கோல் பிடிக்கும் சரிவு வேறு. அவரை அவர் போக்கில் நடக்கச் சொல்லி, பக்கத்திலிருந்து போனில் வீடியோ எடுத்து, நிறுத்திப் பார்த்துக் கோணத்தை அளங்கள். நிற்கும்போது அளந்தால் தவறாக வரும், நடக்கும்போது கை தாழும்.

அடுத்து மொட்டைமாடியில் சாக்பீஸால் கோடு போடுங்கள். கோலை ஒரு நாற்காலியில் அதே சரிவில் கட்டிவிட்டு, ஒரு பனைமட்டையை ஒன்றரை மீட்டரில் தரையிலிருந்து மெதுவாக உயர்த்துங்கள். எந்த உயரத்தில் கருவி விழிக்கிறது, எந்த உயரத்தில் விடுகிறது என்று சுவரில் குறியுங்கள். பிறகு இடமும் வலமும். விவரத்தாளில் போட்டிருக்கும் கூம்பு பெரிய பலகைக்கானது. மட்டைக்கு அது சிறுத்துவிடும், மெல்லிய கிளைக்கு இன்னும் சிறுக்கும். நீர் புகாத வகைக்கு மாறும்போது இந்தச் சோதனையை முதலிலிருந்து செய்யுங்கள். அதன் கூம்பு அகலம், 15 பாகையில் வைத்தால் தரையையும் பிடித்துக்கொள்ளும், இன்னும் மேலே தூக்க வேண்டியிருக்கும்.

6. எத்தனை மீட்டரில் எச்சரிப்பது

"எவ்வளவு தூரத்திலயே சொன்னா அவ்வளவு நல்லதுதானே?" என்று கேட்பார்கள். நல்லதில்லை. 3 மீட்டரில் எச்சரித்தால் கீழக்கரைச் சந்து போன்ற இடத்தில் எதிரே எப்போதும் ஏதாவது இருந்துகொண்டேதான் இருக்கும். எப்போதும் அதிரும் கருவி எதையும் சொல்லவில்லை என்றுதான் பொருள்.

கணக்கு இப்படி. அவர் வினாடிக்கு ஒரு மீட்டர் நடக்கிறார் என்று வையுங்கள். மூன்று முறை அளந்து உறுதிசெய்ய 0.2 வினாடி, மோட்டார் சுழன்று வேகம் பிடிக்க 0.1, அவர் உணர்ந்து நிற்க முக்கால் முதல் ஒரு வினாடி. ஆக 1.3 மீட்டருக்குக் குறைந்தால் இடித்துவிடுவார். ரோட்டுக்கு 1.5 மீட்டர், சந்துக்கும் கூட்டத்துக்கும் 0.8 மீட்டர் என்று இரண்டு நிலை போதும். கூட்டத்தில் அவர் நடையே பாதி வேகம்தான், அதனால் 0.8 தாங்கும். ஏலக்கூடத்தில் அதுவும் வேண்டாம், அணைத்துவிடலாம்.

வெப்பநிலைத் திருத்தம் போடுவதற்கு ஒரு வாரம் செலவழித்த பையனைப் பார்த்திருக்கிறேன். 20 டிகிரி வெப்பத்தில் ஒலிவேகம் வினாடிக்கு 343 மீட்டர், 35 டிகிரியில் 352 சுமார். இரண்டு மீட்டரில் 5 செ.மீ. வித்தியாசம். நெஞ்சில் இடிக்காமல் இருக்க 5 செ.மீ. கணக்கு யாருக்கு வேண்டும்? விடுங்கள்.

7. அதிர்வின் மொழி, மௌனத்தின் விதி

என் முதல் கருவி தூரம் குறையக் குறைய அதிர்வின் பலத்தைப் படிப்படியாகக் கூட்டியது. காகிதத்தில் அழகு. கையில் 'கொஞ்சம் பலம்' எது, 'இன்னும் பலம்' எது என்று பிரியவே இல்லை. மூன்றாம் நாள் அண்ணன் அதைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தார். "இது ஓயாமச் சொல்லுது தம்பி. எதச் சொல்லுதுன்னுதான் தெரியல."

பலத்தை விட்டுவிட்டுத் தாளத்துக்கு மாறுங்கள். தூரத்தில் இருந்தால் ஒரு துடிப்பு, பாதித் தூரத்தில் இரட்டைத் துடிப்பு, அரை மீட்டருக்குள் நிற்காத அதிர்வு. மூன்றுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு துடிப்பும் 150 மில்லி வினாடிக்குக் குறையக் கூடாது. கோல் தரையில் தட்டும் அதிர்ச்சியும் அதே கைக்குத்தான் வருகிறது, சின்னத் துடிப்பு அதில் கரைந்துவிடும். நாணய வடிவ மோட்டாரைக் கட்டைவிரல் படும் இடத்தில், கோலுக்கும் அதற்கும் நடுவே ஒரு துண்டு ஃபோம் வைத்து ஒட்டுங்கள்.

மௌன விதி: எதிரே உள்ளதன் தூரம் மூன்று வினாடிக்கு 10 செ.மீ.க்கு மேல் மாறவில்லை என்றால் அதிர்வை நிறுத்திவிடுங்கள். அவர் டீக்கடையில் நிற்கிறார், பேசிக்கொண்டிருக்கிறார் என்று பொருள். தூரம் மறுபடி குறைந்தால் மட்டும் சொல்லுங்கள். இந்த ஒரு விதியைச் சேர்த்த பிறகுதான் கருவி பையிலிருந்து கோலுக்கு வந்தது.

ஆனால் மௌனத்துக்கு இரண்டு அர்த்தம் உண்டு: வழி திறந்திருக்கிறது, அல்லது கருவி செத்துவிட்டது. இதைப் பிரித்துக் காட்டாமல் விடக் கூடாது. போடும்போது இரண்டு நீண்ட அதிர்வு. சார்ஜ் குறைந்தால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மூன்று குறுந்துடிப்பு. அதோடு வீட்டைவிட்டு இறங்குமுன் இடது கையை முழுதாக நீட்டி உள்ளங்கையைச் சென்சாருக்கு எதிரே காட்டிப் பார்க்கும் பழக்கம். அதிர்ந்தால் உயிரோடு இருக்கிறது. கையை நீட்டித்தான் காட்ட வேண்டும், கிட்டே காட்டினால் அந்த 25 செ.மீ. குருட்டு இடத்துக்குள் போய்விடும்.

8. மின்சுற்றும் நிரலும்

இது எல்லாருக்கும் தெரிந்த பகுதி, சுருக்கமாகச் சொல்கிறேன். நிரலை ஓட்டும் சின்ன போர்டாக 3.3 வோல்ட் ஆர்டுயினோ புரோ மினி, 3.7 வோல்ட் லித்தியம் பேட்டரி 1000 மில்லி ஆம்பியர் மணி, மோட்டாருக்கு 2என்2222 டிரான்சிஸ்டர், மோட்டாரின் குறுக்கே ஒரு டயோடு. சென்சாரை 3.3 வோல்ட்டில் ஓடும் வகையாகப் பார்த்து வாங்கினால் வோல்ட்டேஜைக் கூட்டும் பூஸ்டர் மிச்சம். 5 வோல்ட் வகை என்றால் சென்சாரின் எக்கோ (எதிரொலி) காலிலிருந்து வரும் கம்பிக்கு ஒரு கிலோ ஓம், இரண்டு கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு வோல்ட்டேஜை இறக்குங்கள், இல்லாவிட்டால் போர்டு போய்விடும்.

வைஃபை, புளூடூத் உள்ள போர்டு வேண்டாம். சராசரி 30 மில்லி ஆம்பியர் இழுத்தால் 1000-க்கு முப்பது மணி நேரம் ஓடும். தினம் நாலு மணி நேரம் நடக்கிறவருக்கு ஒரு வாரம். தினமும் சார்ஜ் போட வேண்டிய பொருள் ஒருநாள் மறந்துபோகும், அந்த நாளில்தான் தேவைப்படும்.

நிரலில் மூன்று தவறு திரும்பத் திரும்ப வருகிறது. ஒன்று, எதிரொலி நேரத்தை அளக்கும் பல்ஸ்இன் கட்டளைக்கு நேரக்கெடு கொடுக்காமல் விடுவது. கொடுக்காவிட்டால் எதிரொலிக்காக ஒரு வினாடி வரை நின்றுவிடும், திறந்த கடற்கரையில் எதிரொலியே வராது. இரண்டு மீட்டருக்கு 12 மில்லி வினாடி போதும். இரண்டாவது தவறு, மூன்று அளவுகளின் சராசரி எடுப்பது. ஒரு பொய் அளவு சராசரியையே இழுத்துவிடும். மூன்றில் நடுவில் உள்ளதை எடுங்கள், அளவீடுகளுக்கு நடுவே 60 மில்லி வினாடி விடுங்கள். மூன்று, மோட்டார் கிளம்பும்போது வோல்ட்டேஜ் சரிந்து சென்சார் உளறுவது. இது நிரல் கோளாறு என்று இரவெல்லாம் தேடுவார்கள். 470 மைக்ரோஃபாரட் கபாசிட்டர் ஒன்றைச் சென்சாரின் பக்கத்தில் போட்டால் தீர்ந்தது.

9. உப்பு

இரண்டாவது கருவி இரண்டே மாதத்தில் திரும்பி வந்தது. பெட்டியைத் திறந்தேன். செம்புத் தடங்கள் பச்சை பூத்திருந்தன. சுவிட்சின் கால் தொட்டதும் உதிர்ந்தது. மழையில் நனையவே இல்லை, கடலில் விழவில்லை. வாடைக்காற்றில் வாசலில் சாத்திவைத்த கோல், அவ்வளவுதான். வடகடல் பக்கமோ தென்கடல் பக்கமோ, உப்பு எப்படியும் உள்ளே வரும் என்று வைத்துக்கொண்டே செய்யுங்கள்.

எல்லாம் சோதித்து முடித்தபின் போர்டுக்குக் காப்புப் பூச்சு கொடுங்கள். கிடைக்காவிட்டால் நிறமில்லாத நெயில் பாலிஷ் இரண்டு பூச்சு, முதல் பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு இரண்டாவது. சென்சார் முகத்தில் மட்டும் பட்டுவிடக் கூடாது. பூசுவதற்கு முன் ஸ்பிரிட்டால் துடைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் உப்பையும் கைவேர்வையையும் உள்ளே வைத்துப் பூட்டியதுபோல் ஆகிவிடும். திருகுகள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். மூடியின் ஓரத்தில் சிலிக்கோன்.

சுவிட்ச்தான் பெரிய ஓட்டை, மணலும் அதன் வழியாகத்தான் போகும். நான் கடைசியில் சுவிட்சையே வெளியிலிருந்து எடுத்துவிட்டேன். உள்ளே, காந்தம் கிட்டே வந்தால் வேலை செய்யும் ரீட் சுவிட்ச் இரண்டு, வெளியே கோலில் நகரும் ரப்பர் வளையத்தில் ஒரு சின்னக் காந்தம். வளையம் மேலே இருந்தால் ரோடு, கீழே இருந்தால் சந்து, கழற்றிவிட்டால் அணைந்துவிடும். விரலால் தடவியே எந்த நிலை என்று தெரிகிறது. பெட்டியில் துளையே இல்லை, சார்ஜ் போடும் இடம் ஒன்றைத் தவிர. அதற்கு இறுக்கமான ரப்பர் மூடி.

10. நடந்து சோதித்தல்

உங்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து பார்த்து முடிவுசெய்யாதீர்கள். கண்ணைக் கட்டிய பார்வையுள்ளவர் பயத்தில் நடக்கிறார், எல்லாவற்றுக்கும் எச்சரிக்கை கேட்பார். பழகியவருக்கு வேண்டியது நேர்மாறு. என் முதல் கருவி அவ்வளவு வாயாடியாகப் போனதற்கு நான் துண்டைக் கட்டிக்கொண்டு மாடியில் நடந்ததுதான் காரணம்.

முதல் மூன்று நாள் அவருக்குத் தெரிந்த வழியில், சும்மா. பழகட்டும். நான்காம் நாளிலிருந்து எண்ணுங்கள்: சரியாகச் சொன்னது எத்தனை, வீணாகச் சொன்னது எத்தனை, சொல்லாமல் விட்டு இடித்தது எத்தனை. இரண்டாம் பிரிவில் எழுதிய நோட்டோடு ஒப்பிடுங்கள். கோலின் வீச்சு குறைந்திருக்கிறதா என்று வீடியோவில் பாருங்கள். கருவியை நம்பிக் கோலைச் சோம்பலாக வீச ஆரம்பித்திருந்தால் உடனே நிறுத்திவிட்டு அதைப் பேசித் தீர்க்க வேண்டும்.

பெரிய ரோட்டைக் கடக்கும் இடத்திலும் துறைப்பாலத்திலும் சோதனை வேண்டாம். அங்கே கருவிக்கு வேலை இல்லை என்று ஏற்கெனவே எழுதியாயிற்று. காற்று பலமாக அடிக்கும் ஒரு நாளையும் விடாதீர்கள். காற்று ஒலியை அடித்துக்கொண்டு போய் அளவு தாறுமாறாக வரும், அன்றைக்கு வீண் எச்சரிக்கை எவ்வளவு கூடுகிறது என்று அவரே உணர்ந்து வைத்திருக்கட்டும்.

11. போன் வழிகாட்டி: தனியாக, பிற்பாடு

எச்சரிக்கைக் கருவியோடு இதைக் கலக்காதீர்கள். இது இருக்கும் இடத்தைச் சொல்வது, அது இடிக்காமல் காப்பது. திறந்த வானத்தின் கீழே போன் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டர் வரை பிசகும். எங்கள் ஊரில் மரமும் மாடியும் குறைவு, வானம் திறந்தே கிடக்கிறது, ஆனாலும் அந்த 5 மீட்டரில் ரோடும் இருக்கிறது சாக்கடையும் இருக்கிறது. அதனால் 'இப்போது திரும்பு' என்று சொல்ல வைக்காதீர்கள். 'ஐஸ் கம்பெனி கிட்டே வந்துவிட்டது' என்று சொல்ல வையுங்கள், திரும்பும் இடத்தைக் கோல் பார்த்துக்கொள்ளும்.

ஆண்ட்ராய்டில் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் டாக்பேக்கும் தமிழ்க் குரலும் இருக்கின்றன. குறை வரைபடத்தில்தான். யாரும் திருத்தக்கூடிய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஊர்ச்சந்துகளும் டீக்கடைகளும் ஏறியிருக்கின்றனவா என்று பார்த்து, இல்லாதவற்றை நீங்களே ஏற்றுங்கள். செயலியை நீங்களே எழுதுவதானால், மைக்ரோசாஃப்ட், பார்வையற்றவர்களுக்கு ஒலியால் இடம் சொல்லும் தன் ஸவுண்ட்ஸ்கேப் செயலியை 2023-ல் கைவிட்டபோது நிரலைப் பொதுவில் விட்டிருக்கிறது, அதிலிருந்து கற்கலாம்.

சொல்லும் மொழியிலும் கவனம். "முந்நூறு மீட்டரில் வலப்புறம்" என்றால் எங்கள் ஊரில் யாருக்கும் மனசில் படம் வராது. இங்கே ஆள் வழி சொல்வதே "கெழக்க போயி, கடப்பக்கம் திரும்பு" என்றுதான். இடம் எங்கே இருக்கிறது என்பதற்குத் திசையும், கால் எடுத்துத் திரும்பும்போது வலது இடதும் என்று பிரித்துக்கொண்டேன். கேட்க எலும்புவழி ஹெட்போன் வாங்குங்கள், காது திறந்தே இருக்கும்.

12. கையில் கொடுக்கும் நாள்

சொல்ல வேண்டியதை எழுதிக் கொடுத்துப் பயன் இல்லை. ஐந்து நிமிடம் பேசிப் பதிவுசெய்து வாட்சப்பில் அனுப்புங்கள்: மூன்று தாளம் எவை, எதையெல்லாம் கருவி சொல்லாது, வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைப்பது, உள்ளங்கைச் சோதனை. வீட்டில் இன்னொருவரும் கேட்கட்டும்.

மாதம் ஒருமுறை வாங்கிப் பார்க்கும் தேதியை அவரோடு பேசி முடிவுசெய்யுங்கள். பழுதாகி நின்றால் நாலு நாளில் மறந்து பரணில் போட்டுவிடுவார்கள். மாற்றுச் சென்சார் ஒன்றும் மோட்டார் ஒன்றும் கடையில் எடுத்து வைத்திருங்கள். காந்த வளையத்தை மட்டும் மூன்றாகச் செய்து அவரிடமே கொடுத்துவிடுங்கள். மணலில் விழுந்தால் தேடிப்பிடிக்க முடியாது, அதுதான் முதலில் தொலையும். எங்கள் அண்ணன் முதல் வாரத்திலேயே ஒன்றைத் தொலைத்தார். இரண்டாவது அவர் வலைப்பெட்டியில் ஊசியோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது.